பிளக் மாற்ற நல்ல நாள் பார்ப்பது எப்படி

காரின் ஸ்பார்க் பிளக்கை எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டால் நான் ஒரே வரியில் சொல்லிவிடுவேன்: மற்ற எல்லாவற்றையும் மாற்றி முடித்த பிறகு.

அனுபவத்தில் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முந்தின வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மாருதி 800 ஒன்றை இன்னமும் சேலத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 1997 மாடல், கார்புரேட்டர் வண்டி. மூன்று சிலிண்டர், ஆகவே மூன்று பிளக். மூன்றும் சேர்த்து, வீட்டோடு போய் ஆளுக்கு இரண்டு தட்டுவடை செட் சாப்பிட்டு எழுந்தால் ஆகிற காசுதான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. சுண்டுவிரல் நீளத்தில், கடையில் சோப்பு டப்பா மாதிரி அடுக்கி வைத்திருக்கும் ஒரு சாமான் அவ்வளவு பெரிய வண்டியைப் படுக்க வைத்துவிடும் என்று நம்ப மனசு வருவதில்லை. பெரிய நோய்க்குப் பெரிய ஆஸ்பத்திரிதான் என்று ஊறிப்போன ரத்தம்.

மேற்கொண்டு படிக்கும் முன் உங்கள் வண்டி பெட்ரோலா டீசலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நெருக்குகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதில் இருப்பது குளோ பிளக், குளிரில் ஸ்டார்ட் ஆவதற்காகச் சூடேற்றுவது. என் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் தன் டீசல் ஜீப்பை ஷெட்டில் விட்டு, “ஸ்பார்க் பிளக்கு நாலையும் மாத்திருப்பா” என்று அதட்டலாகச் சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலம் நான்கு பிளக்குக்குப் பில் கொடுத்தார்கள். கட்டிவிட்டு வந்தவர், “இப்பத்தான்டா வண்டி சும்மா அள்ளிக்கிட்டுப் போகுது” என்றார். இன்றுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

பெட்ரோல்தான் என்று தெரிந்துவிட்டால் அடுத்தது கிலோமீட்டர் கணக்கு. சாதாரண நிக்கல் பிளக் என்றால் முப்பது, நாற்பதாயிரம் கிலோமீட்டர். இரிடியம் என்றால் ஒரு லட்சம் வரை போகும். வண்டியோடு வந்த புத்தகத்தில் சரியான கணக்கு இருக்கும். அந்தப் புத்தகத்தைத்தான் போன தீபாவளிக்குப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டீர்கள்.

ஏன் தேய்கிறது என்று கேட்டால், அது படுகிற பாடு அப்படி. எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும் ஒரு தடவை பொறி விட வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று வைத்தால் 1,500 பொறி. ஒரு மணி நேரத்துக்கு 90,000. நாமக்கல் ஆஞ்சநேயரைப் பார்க்கப் போய்ச் சேருவதற்குள் ஒரு பிளக் லட்சார்ச்சனையையே ஏறக்குறைய முடித்துவிடுகிறது. ஒவ்வொரு பொறிக்கும் உலோகத்தில் ஒரு துணுக்கு போகும். எறும்பு ஊர்ந்து கல் தேய்வது போலத்தான். நடுக்கம்பியின் கூர் மழுங்கும், மேலே வளைந்திருக்கும் கம்பி மெலியும், இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அகலும். பொறி கூர்முனையிலிருந்து தாவத்தான் விரும்பும். முனை மழுங்கி, தாண்ட வேண்டிய தூரமும் கூடிவிட்டால் காயில் இன்னும் அதிக வோல்ட்டைத் தள்ளியாக வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி இருபதாயிரத்துக்கு மேல் ஏற்றிக் கொடுக்கும் பிராணி அது. முக்கி முக்கி அதுவும் ஒரு நாள் உட்கார்ந்துவிடும். காயில் விலை அதிகம். அதனால் அதை மாற்ற நமக்குத் தயக்கம் இருக்காது.

இந்தக் கிலோமீட்டர் தொல்லையிலிருந்து தப்ப எனக்கு ஒரு வழி கிடைத்தது. ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்துபோனது. அன்றைக்கு மீட்டர் 61,204-ல் நின்றது. அதற்குப் பிறகு மூன்று முறை திருச்செந்தூர், ஒரு முறை குருவாயூர், எண்ணிக்கை இல்லாமல் மேட்டூர் என்று போய்வந்தும் என் வண்டி ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ஓடாத வண்டிக்குப் பிளக் எப்படித் தேயும்? கேபிளைச் சரி செய்யாதவரைக்கும் உங்கள் பிளக்குக்கு மார்க்கண்டேயன் வயது.

கணக்கு இப்படி உறுதியாக இருந்தும் வண்டி ஏதேதோ ஜாடை காட்டும். காலையில் சாவியைத் திருகினால் ஒரே திருகில் பிடிக்காது. இரண்டாவது திருகில் இருமும். மூன்றாவதில் பிடித்து, பின்னால் ஒரு தடவை ‘டப்’ என்று வெடிக்கும். மாமனார் பால்கனியிலிருந்து, “என்ன மாப்பிள்ளை, வண்டி ஏப்பம் விடுதுங்களே?” என்பார். வயிற்றுக்கோளாறு என்று எடுத்துக்கொள்ளவும். சிக்னலில் நிற்கும்போது ரியர் வியூ கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ் நடுங்குவது தெரியும். பஸ்ஸுக்குக் குளிர் ஜுரம் என்று முடிவுகட்டலாம். ஐந்து ரோடு மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி “ம்ம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அதே வேகத்தில் போனால், அதை நிதானம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். மெக்கானிக்குகள் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே வார்த்தை வைத்திருக்கிறார்கள்: “மிஸ்ஸிங் அடிக்குது.”

இந்த மிஸ்ஸிங் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அளக்க ஏற்காடு மலையைவிட நல்ல கருவி இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட போர்டு. முழுக் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். எத்தனையாவது வளைவில் எத்தனை பேர் இறங்க வேண்டியிருக்கிறது என்பதுதான் அளவு. நான்கு சிலிண்டர் வண்டியில் ஒன்று வேலைநிறுத்தம் செய்தால் கால் பங்குதான் போகும். மூன்று சிலிண்டரில் மூன்றில் ஒன்று போய்விடும். எங்கள் வண்டி நான்காவது வளைவில் முனக ஆரம்பித்தது. ஆறாவதில் மாமனார், “கொஞ்சம் நடந்தா முட்டிக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாருங்க” என்று கௌரவமாக இறங்கிக்கொண்டார். ஏழாவதில் மனைவியும் மகனும் இறங்கினார்கள். எட்டாவதில் வண்டி நின்றுவிட, பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். மாமியார் மடியில் புளிச்சோற்றுத் தூக்கை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“அத்தை, கொஞ்சம்...”

“நான் எறங்க மாட்டேன். பொண்ணு குடுக்கறப்போ மாப்பிள்ளைக்குக் கார் இருக்குன்னுதான் சொன்னாங்க.”

நாலு பேரில் மூவர் இறங்கியும் வண்டி ஏறவில்லை என்றால் பிளக் பற்றி யோசிக்கத் தொடங்கலாம். யோசிக்க மட்டும்.

ஏனென்றால் முதலில் மாற்ற வேண்டியது பெட்ரோல் பங்க். நான் மூன்று பங்க் மாற்றினேன். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து எல்லாப் பழியையும் அதன் தலையில் கட்டுவது வசதியாகிவிட்டது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பது உண்மைதான். அந்தக் கணக்குப்படி மைலேஜ் நூற்றுக்கு ஆறேழு குறையலாம். என் வண்டி லிட்டருக்கு பதினாறிலிருந்து பதினொன்றுக்கு வந்திருந்தது. மிச்சத்துக்கு எத்தனால் பொறுப்பேற்காது என்றாலும் டீக்கடையில் பேசுவதற்கு அது போதுமாக இருந்தது.

பிறகு ஏர் ஃபில்டர். பிறகு கார்புரேட்டரைக் கழற்றி, கழுவி, புது கிட் போட்டு மாட்டினோம். பிறகு பெட்ரோல் பம்ப். பிறகு பேட்டரி. பழைய பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போகும்போது கடைக்காரர் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிந்தது. அது நல்ல பேட்டரி என்பது எனக்கு அப்போது தெரியாது. பிறகு சீட் கவர். சீட் கவருக்கும் மிஸ்ஸிங்குக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் செலவு செய்கிற வேகத்தில் கை நிற்கவில்லை. கடைசியில் அமாவாசையன்று நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். மூன்று பழம் நசுங்கியது. நான்காவது உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டது. அதைத்தான் மனைவி காரணமாகச் சொன்னாள்.

இதற்கிடையில் பிளக்கைப் பாருங்கள் என்று யாருமே சொல்லவில்லையா என்றால், சொன்னான். என் மகன். எட்டாம் வகுப்பு. “அப்பா, ஃபர்ஸ்ட் பிளக்கைக் கழட்டிப் பாருங்கப்பா.” எட்டாம் வகுப்பு சொல்வதைக் கேட்கிற வயதா எனக்கு?

அவனைத் திருப்திப்படுத்துவதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பொறி சோதனை செய்தோம். இது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற சடங்கு. பிளக்கைக் கழற்றி, எச்.டி. ஒயரில் மாட்டி, அதன் உலோக உடம்பை எஞ்சினில் ஒட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் சாவியைத் திருக வேண்டும். ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிடிக்க வேண்டும் என்பதுதான் முறை. பக்கத்து வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் கையாலேயே பிடித்தார். நான் சாவியைத் திருகியதும் அவருடைய கை தானாகவே பானெட்டுக்குப் போய் மோதிக்கொண்டு திரும்பி வந்தது. சற்று நேரம் கழித்து, “கரண்ட் நல்லா வருது, பிளக்கு ஓகே” என்று சான்றிதழ் கொடுத்தார்.

அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்தச் சோதனையில் ஒரு ஏமாற்று இருக்கிறது. வெளியே திறந்த காற்றில் பொறி சுலபமாகத் தாவிவிடும். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வந்து காற்றையும் பெட்ரோலையும் எட்டொன்பது மடங்கு நெருக்கி வைத்திருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்டுவது வேறு விஷயம். வெளியில் புலி, வீட்டுக்குள் எலி என்கிற ஜாதி. தேய்ந்த பிளக்குகள் பெரும்பாலும் இந்தப் பரீட்சையில் பாஸாகிவிடும். ராத்திரி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு ஒயர்களைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் உண்மை தெரியும்: பிளக் தாண்ட விடாத கரண்ட் வேறு வழி தேடி ஒயரின் வெடிப்பில் நீலமாகப் பூச்சி பூச்சியாய் ஊர்ந்துகொண்டிருக்கும். எங்கள் வண்டியில் ஊர்ந்தது. மகன் கம்பி மத்தாப்பு மாதிரி இருக்கிறது என்றான். அழகாக இருக்கவே அப்படியே விட்டுவைத்தோம்.

கடைசியில் அம்மாபேட்டைப் பக்கம் ஒரு புளியமரத்தடி ஷெட்டுக்கு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். பெரியவர். சத்தத்தைக்கூடக் கேட்கவில்லை. “பிளக்கு எப்ப மாத்துனீங்க சார்?” என்றார். “கிலோமீட்டர் இன்னும் ஆகலைங்க” என்றேன். மீட்டரைக் குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பிளக்கைப் படிப்பது கைரேகை பார்ப்பது மாதிரி ஒரு வித்தை. மூன்றையும் கழற்றி, எது எந்த சிலிண்டரில் இருந்து வந்தது என்று மாறாமல், தினத்தந்தியை விரித்து அதன் மேல் வரிசையாகப் படுக்க வைத்தார். முதலாவதன் மூக்கு தவிட்டு நிறம். அதுதான் ஆரோக்கியம், உள்ளே எரிய வேண்டியது எரிகிறது என்று அர்த்தம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, கொப்புளம் கொப்புளமாக இருந்தால் எஞ்சின் சூடு மீறுகிறது, அல்லது பெட்ரோல் போதவில்லை. இரண்டாவது கன்னங்கரேல் என்று அடுப்புக்கரி. அவர் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு, அந்த விரலை என் வண்டியின் வெள்ளை பானெட்டில் துடைத்தார். “சோக்கை இழுத்தா திரும்ப உள்ள தள்ளணும் சார்.” மார்கழியில் இழுத்தது. இப்போது சித்திரை.

மூன்றாவது பிளக் ஈரமாக, எண்ணெய் வழிந்தபடி இருந்தது. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் மேலே ஏறுகிறது என்றார். எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது. கடைசியில் ஒரு பெரிய வியாதி! எஞ்சினை இறக்கி வேலை பார்க்க எவ்வளவு ஆகும் என்று ஆவலோடு கேட்டேன். “அத அப்புறம் பாத்துக்கலாம் சார். மொதல்ல மூணு பிளக்கு வாங்கிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார்.

அப்படியும் நான் விடவில்லை. “தேய்ச்சுப் போட்டா ஓடாதுங்களா?” என்றேன். தேய்ப்பது நம் பண்பாடு. உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்து, சட்டையில் துடைத்து, ஊதி மாட்டினால் பிளக்குக்கு இன்னொரு பிறவி. கரி பிடித்த நிக்கல் பிளக் அப்படிக் கொஞ்ச நாள் ஓடும் என்பதும் உண்மைதான். இரிடியத்தில் மட்டும் அந்தக் கைவரிசை வேண்டாம். அதன் நடுக்கம்பி அரை மில்லிமீட்டர் கனம்தான். கம்பி பிரஷ் பட்டாலோ இடைவெளியை நெம்பினாலோ கதை முடிந்தது.

பெரியவர் பதில் சொல்லாமல் பனியன் பைக்குள்ளிருந்து ஒரு உடைந்த ஆக்ஸா பிளேடுத் துண்டை எடுத்தார். இந்த வண்டிக்கு இடைவெளி 0.7, 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளப்பதற்கென்றே ஃபீலர் கேஜ் விற்கிறது. ஆனால் மரத்தடி ஷெட்டுகளில் ஆக்ஸா பிளேடுதான் கேஜ். கிட்டத்தட்ட அந்தக் கனம். துண்டை இரண்டாவது பிளக்கின் வாயில் செருகினார். பிடிமானமே இல்லாமல் கீழே விழுந்தது. இன்னொரு துண்டை எடுத்து, இரண்டையும் சேர்த்துச் செருகினார். இரண்டும் உள்ளே போய் ஜோடியாக ஆடின. நடுக்கம்பி, பள்ளிக்கூடத்து சாக்பீஸ் கடைசித் துண்டு மாதிரி உருண்டை தட்டியிருந்தது. “பாத்துக்கங்க” என்று என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

வாங்கப் போகும்போது பழைய பிளக்கைக் கையோடு எடுத்துப் போங்கள். அதன் வெள்ளைப் பீங்கானில் இருக்கும் எழுத்தும் நம்பரும்தான் ஜாதகம். சூட்டு எண் ஒன்று உண்டு. என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த ரகம். பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான ரகம். இரண்டு கம்பெனியும் பேசி வைத்துக்கொண்டு எதிர் எதிராக நின்றது போல இருக்கும். கடைக்காரர், “எல்லாம் ஒண்ணுதான் சார், மரை செட்டானா போதும்” என்று சொன்னால், அடுத்த கடைக்குப் போங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் எந்த பிளக்கையும் மைக்கோ என்றுதான் கேட்பார்கள். 1951-ல் பெங்களூரில் தொடங்கிய கம்பெனி அது. 2008-லேயே பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கடைக்காரரும் மாற்றிச் சொல்ல மாட்டார், எடுத்துக் கொடுத்துவிடுவார். இன்றைய பிளக்கின் மூதாதையை 1902-ல் காந்தச் சுருளோடு சேர்த்துச் செய்து காட்டியது அதே பாஷின் எஞ்சினியர் காட்லோப் ஹோனோல்டுதான் என்பதால், சுற்றி வளைத்துப் பார்த்தால் பெரியவர்கள் சொல்வதும் சரிதான்.

நீங்களே மாட்டப்போவதாக இருந்தால் எஞ்சின் ஆறும்வரை பொறுங்கள். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பிளக்கோடு சேர்ந்து வந்துவிடும். அதற்குப் பிறகு மரை கழன்றது எஞ்சினா நீங்களா என்று வீட்டில் விவாதம் நடக்கும். பிளக்கைச் சுற்றியிருக்கும் மண்ணை ஊதிவிட்டுக் கழற்ற வேண்டும். புதியதை முதலில் கையால்தான் ஏற்ற வேண்டும். விரல் எட்டாத இடத்தில் ஒரு சாண் பெட்ரோல் ஹோஸை பிளக்கின் தலையில் செருகிச் சுற்றினால் கோணலாக ஏறாது, ஏறினாலும் ஹோஸ் வழுக்கிவிடும், மரை தப்பிக்கும். கையால் இறுகியபின் ஸ்பேனரில் அரைச் சுற்று. பயில்வான்கள் முக்கால் சுற்றுக்கு மேல் போவார்கள். அடுத்த முறை பிளக் மாற்றும்போது அவர்களே வந்து கழற்றித் தர வேண்டும்.

எச்.டி. ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்தப் பிளக்கை மாற்றி, அதே ஒயரை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவது கோழைகளின் வழி. மூன்றையும் ஒரே மூச்சில் பிடுங்கி எறிவதில்தான் நெஞ்சுரம் இருக்கிறது. மூன்று ஒயரை ஆறு விதமாக மாட்டலாம். அதில் ஐந்து தவறு. நான் ஒருமுறை ஐந்தையும் வரிசையாகக் கண்டுபிடித்திருக்கிறேன். நான்காவதில் சைலன்சர் விட்ட வெடியில் எதிர்வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. புது வண்டிக்காரர்களுக்கு இந்த இன்பம் இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் உட்கார்ந்திருக்கும். மிஸ்ஸிங் அடித்தால் டாஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு வந்துவிடும். அது விட்டுவிட்டு மினுக்கினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை வேகவைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதன் மேல் ஒரு சாமி ஸ்டிக்கரை ஒட்டி மறைத்திருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. கன்வர்ட்டர் விலையைக் கேட்ட பிறகு ஸ்டிக்கரைப் பெரிதாக மாற்றிவிட்டார்.

மூன்று பிளக்கும் மாட்டி, சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, பெரியவர் சாவியைத் திருகினார். ஒரே திருகு. சத்தம் வந்ததா என்றே தெரியவில்லை. பேட்டரி பெட்டி மேல் வைத்திருந்த டீ கிளாஸில் டீ ஆடாமல் நின்றது. கூலி வாங்கிக்கொண்டு, “சும்மா கெடந்துச்சு, மாட்டிட்டேன்” என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. பழைய பிளக்குகளைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டேன். வீட்டில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது, இதுவரை கழற்றியதெல்லாம் அதில்தான். அவசரத்துக்கு ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பினோம். ஐந்து ரோடு மேம்பாலத்தில் வண்டி மூன்றாவது கியரிலேயே பாய்ந்து ஏறியது. பாலத்தின் உச்சியில், இத்தனை வருடமாகப் படுத்திருந்த ஸ்பீடோமீட்டர் முள் ஐம்பதில் நின்றுகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்கவே கடைசிக் கட்டத்தில் இருந்த 4 மெல்ல மேலேறி மறைந்து, 5 வந்து உட்கார்ந்தது. 61,205.

பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்த மாமனார் சொன்னார்: “வண்டிக்கு வயசாகுதுங்க மாப்பிள்ளை.”